என் கரம்பை, அவள் வயல்

என் ஓரகத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி அவள். வாய் அக்கா என்று கூப்பிடும், வயிறு எரியும். அவள் அழகுக்காக எரியவில்லை, மூக்கு எனக்குத்தான் எடுப்பு. நகைக்காகவும் இல்லை, அவள் கழுத்தில் கிடந்ததும் என் கழுத்தில் கிடந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். வயலுக்காக எரிந்தது. அதுவும் எங்கள் இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத வயலுக்காக.

எங்கள் ஊர் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே குளம், குளத்துக்குக் கீழே வயல்கள். அவற்றில் முக்கால்வாசி ஒரே பண்ணையாருடையவை. அவர் தென்காசியில் ரதவீதியில் இருந்தார். குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற பங்களா ஒன்றும் அவருக்கு உண்டு. அண்ணனும் தம்பியும் அவரிடம் ஆளுக்கொரு வயலைக் குத்தகைக்குப் பார்த்தார்கள். அண்ணன் பார்த்தது மடைவயல். குளத்து மடையைத் திறந்ததும் தண்ணீர் முதலில் போய் விழுகிற இடம். நாங்கள் பார்த்தது வாலடி. வாய்க்கால் ஓடிக் களைத்துக் கடைசியாக வந்து சேருகிற இடம். மேலே உள்ளவர்கள் எல்லாம் குடித்து, குளித்து, கொப்பளித்து மிச்சம் விட்டதுதான் எங்களுக்கு.

ஆனியில் தொடங்குகிற கார் சாகுபடிக்கு நான் வரப்பில் மண்வெட்டியோடு தண்ணீரை எதிர்பார்த்து நிற்பேன். அக்கா தன் வயலில் நடவை முடித்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். போகிறவள் சும்மா போகமாட்டாள்.

"என்னட்டி, இன்னும் தண்ணி வரலியா? எங்கன நிக்குதோ என்னவோ."

"வரும்க்கா. நீங்க குடிச்ச மிச்சம் வரத்தானே செய்யும்."

சிரித்துக்கொண்டே போவாள். அவள் முதுகைப் பார்த்து நான் முணுமுணுத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

வயல் என்றால் எனக்கு ஏன் அப்படி ஒரு வெறி என்று கேட்டால், என் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். அவரும் குத்தகைக்காரர்தான், வேறொரு பண்ணையில். தலை நரைக்கிறவரை ஒரே வயலை உழுதார். ஒரு பங்குனியில் அந்த முதலாளி வரப்பில் நின்று, குடையை நீட்டி, "அடுத்த பூவு வேற ஆளு பாக்கட்டும்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு சாகுபடியைப் பூவு என்பார்கள். என் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சரி" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆடு மேய்க்கக்கூடப் போகவில்லை. எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்பார்கள். எனக்குத் தனிவளைகூட வேண்டாம். என்னைப் பார்த்துப் போ என்று எவனும் குடையை நீட்ட முடியாத ஒரு வயல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் ஒருநாள் டீக்கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பேப்பரில் போட்டிருந்ததை யாரோ உரக்க வாசித்திருக்கிறார்கள்.

"ஏட்டி, சட்டம் வந்திருக்காம். குத்தகை நெல்ல ஒழுங்கா அளந்துட்டா நம்மள யாரும் வயல விட்டுப் போகச் சொல்ல முடியாதாம்."

"அப்ப வாலடி நமக்கா?"

"நமக்குன்னா, சொந்தமாகாது. ஆனா போன்னு சொல்ல முடியாது."

"அது போதும்," என்றேன். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினேன்.

அந்தக் கோடையில் குளம் வற்றியதும் நான் இறங்கினேன். குளத்தடியில் படிந்து கிடக்கிற கறுப்பு வண்டலைக் கரம்பை என்போம். அதை வெட்டி வயலில் பரப்பினால் செத்த மண்ணும் உயிர் பிடிக்கும். வசதி உள்ளவர்கள் வண்டியில் அடிப்பார்கள். எனக்குத் தலைதான் வண்டி. விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிறவரை கூடை கூடையாகச் சுமந்தேன். கழுத்து சுளுக்கி, மண்டை உச்சியில் முடி தேய்ந்துவிட்டது. மந்தை ஓட்டி வரும் கீதாரியைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டுக்கிடையையும் வாலடியில் போடச் செய்தோம். கொழுஞ்சித் தழையை வெட்டி வந்து மிதித்தோம். தண்ணீர் கடைசியாக வந்தால் வரட்டும், வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற மண்ணாக ஆக்கிவிடுவது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

காரும் விளைந்தது, அதையடுத்து மழைக்காலத்தில் வைக்கிற பிசானமும் விளைந்தது. அதுவும் எப்படி! கதிர் சாய்ந்து வரப்பை மறைத்தது. அக்கா வழக்கம்போல் அந்த வழியாக வந்தாள். நின்றாள். ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"என்னட்டி போட்ட?"

"என்னத்தப் போட்டேன், எல்லாம் நீங்க விட்ட தண்ணிதான்க்கா."

அவள் முகம் சுண்டியது. அந்த முகத்தைப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த சுகம், நெல்லைக் களத்தில் குவித்தபோதுகூடக் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அடுத்த கோடையிலும் கரம்பை அடித்தேன், இன்னும் இரண்டு கை கூடுதலாகவே.

ஆனியில் சாரல் விழுந்தது. சீசன் தொடங்கினால் குத்தகைக்காரர் வீட்டுப் பெண்கள் குற்றாலத்துக்குப் போய்ப் பண்ணையாரின் பங்களாவைக் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும். கூலி கிடையாது, வயல் பார்க்கிறோமே, அதற்காக. வாழையிலையும் பூசணிக்காயும் சுமந்துகொண்டு நானும் அக்காவும் போனோம். ஆண்கள் இரண்டு பேரும் கூரையில் ஓடு மாற்ற வந்திருந்தார்கள். பண்ணையார் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவருக்கு அதட்டத் தெரியாது. தேனாகப் பேசுவார். அப்படிப்பட்ட ஆளைத்தான் நம்பக்கூடாது.

"ஏப்பா, அண்ணந்தம்பிக்குள்ள ஒருத்தன் நல்ல வயலப் பாக்கது, ஒருத்தன் கெட்ட வயலப் பாக்கது, மனசுக்கு ஒப்பலை. இந்தப் பூவுல இருந்து மாத்திக்கிடுங்க. மடைவயல தம்பி பாக்கட்டும். வாலடிய அண்ணன் பாக்கட்டும்."

என் வீட்டுக்காரர் ஓடும் கையுமாகத் திகைத்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "நல்லது மொதலாளி!"

மடைவயல்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வயிறெரிந்து பார்த்த மடைவயல். அக்கா கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றது. எனக்கு உள்ளே குலவை போட வேண்டும்போல இருந்தது. வாலடியில் பரப்பின கரம்பை ஞாபகத்துக்கே வரவில்லை, கேளுங்கள். பொறாமை ஒரு கண்ணைத்தான் திறந்துவைக்கும்.

வேலை முடிந்து இருவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பலாம் என்று போனோம். அவள் நின்ற அருவியில் நான் நிற்கவில்லை. ஐந்து இருக்கிறதே, ஆளுக்கொன்று என்று வேறொன்றில் போய் நின்றேன். நின்று பார்த்தால் அவள் தலையில்தான் தண்ணீர் கனமாக விழுந்தது. சவத்தை விடு, உனக்குத்தான் மடைவயல் கிடைத்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு குளித்தேன்.

மடைவயலில் ஏர் பூட்டிய அன்றே தெரிந்துவிட்டது. வெளுத்துப் போன மண். தண்ணீர் முதலில் வருகிறது என்கிற தைரியத்தில் அவர்கள் அதற்கு ஒரு கூடை எருகூடப் போட்டதில்லை; எடுத்து எடுத்தே காலிசெய்திருந்தார்கள். பயிர் நோஞ்சானாக நின்றது. கீழே வாலடியில் என் கரம்பையில் அவளுடைய கார்ப் பயிர் கருகருவென்று எழுந்தது. இந்தத் தடவை வரப்பில் நடந்து போய்க் கதிரை ஏந்திப் பார்த்தது நான்.

"என்னக்கா போட்டிய?"

"ஒண்ணும் போடலை. மண்ணு நல்ல மண்ணுல்லா," என்றாள் அவள்.

மண்ணு நல்ல மண்ணாம்! வீட்டுக்கு வந்து அம்மிக் குழவியைத் தூக்கித் தொப்பென்று போட்டேன். என் கரம்பையை அவள் வயலிலிருந்து சுரண்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் வீட்டுக்காரர், "உனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்றார்.

பண்ணையாரின் சூட்சுமம் மெல்லத்தான் புரிந்தது. எங்களை மட்டும் அல்ல, குளத்துக்குக் கீழே இருந்த எல்லாக் குத்தகைக்காரர்களையும் அவர் வருஷா வருஷம் சோழி குலுக்குகிற மாதிரி குலுக்கிப் போட்டார். மேலே இருந்தவன் கீழே, கீழே இருந்தவன் நடுவில். எவனும் ஒரே வயலில் நீடித்து நின்றால்தானே சட்டத்தைக் காட்டி என்னைப் போகச் சொல்ல முடியாது என்பான்? நிற்கவே விடாவிட்டால் எந்த வயலைக் கேட்பான்? அதற்குப் பிறகு யாரும் எந்த வயலுக்கும் கரம்பை அடிக்கவில்லை. கீதாரி வேறு ஊர்ப் பக்கம் கிடை போடப் போய்விட்டான். பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, உங்கள் ஊரில் ஏன் விளைச்சல் குறைகிறது, நீங்களெல்லாம் சோம்பேறிகளா என்று கேட்டார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

அண்ணனும் தம்பியும் ஒரு யோசனை செய்தார்கள். பண்ணையாரிடம் சேர்ந்து போய், இனிமேல் மாற்றிக்கொள்ள மாட்டோம், அவரவர் நிற்கிற வயலிலேயே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவது. இருவரும் ஒரே பேச்சாக நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, சட்டம் இருக்கிறது. நல்ல யோசனைதான். அப்போது வாலடியில் அவர்கள், மடைவயலில் நாங்கள்.

"அப்படின்னா வாலடி சென்மத்துக்கும் அவளுக்கா?" என்று நான் எழுந்துவிட்டேன். "நான் சுமந்த மண்ண அவளுக்குத் தாரை வாக்கவா? மொதல்ல வயலத் திருப்பித் தரச் சொல்லுங்க, பொறவு நிக்கலாம்."

அந்த வீட்டில் அக்காவோ, "திருப்பிக் குடுத்தா அந்த நோஞ்சான் வயலு நமக்கு வந்துரும். நான் மாட்டேன்," என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். ஆண்கள் இருவரும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்து நடந்து அலுத்துப்போனார்கள். பண்ணையாரிடம் யாரும் போகவில்லை. அடுத்த பூவுக்கு அவர் மறுபடி குலுக்கினார். வாலடி எங்களுக்கு வந்தது. மறுபடி அவளுக்குப் போனது. என் கை இருக்கிறதே, அதற்குப் புத்தியே கிடையாது. வாலடி எப்போது என்னிடம் வந்தாலும் கொஞ்சம் கரம்பையைச் சுமந்து கொட்டிவிடும். அவள் முறை வரும்போது அவள் அறுத்துக்கொள்வாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வருகிறது, பண்ணையார்மேல் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து கொஞ்ச காலத்தில், ஓர் ஆள் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்சவரம்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பண்ணையார் முந்திக்கொண்டார். குற்றாலத்தில் பங்களாவைச் சுற்றி வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டால் நெல்லைவிட அது லாபம் என்று கணக்குப் போட்டு, ரோட்டுக்குத் தூரமாக இருந்த வயல்களை விற்க ஆரம்பித்தார். அதில் வாலடியும் ஒன்று. அந்த வருஷம் வாலடியில் அவள் முறை.

என் நகையை எல்லாம் ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு தென்காசிக்கு ஓடினேன். வாழ்க்கையில் நான் தனியாக ரதவீதிக்குப் போனது அந்த ஒரு தடவைதான். கோபுரத்துப் பக்கம் வீசுகிற காற்றில் சேலை நிற்காது. அதைப் பிடித்துக்கொண்டே அவர் வாசலில் நின்று சொன்னேன்.

"மொதலாளி, வாலடிய எங்களுக்குத் தாங்க. அந்த வயல ஆளாக்கினது நான்தான். என் தலையப் பாருங்க."

தலையைக் குனிந்து முடி தேய்ந்த இடத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். மனுஷன் இரக்கப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

"நீ பாடுபட்டது எனக்குத் தெரியாதாம்மா? ஆனா இப்பம் அதுல நிக்கது ஒங்க மூத்தவங்கல்லா. நிக்கவனுக்குக் குடுக்காம வேற ஆளுக்குக் குடுத்தா, சட்டம் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துரும். எனக்கு எதுக்கு வில்லங்கம்?"

"அப்ப நான் நிக்க மடைவயல எனக்குத் தாங்க."

"அது ரோட்டுக்குப் பக்கம். அதை நான் குடுக்கலை."

என் அப்பாவைக் காப்பாற்றாத சட்டம், என் கரம்பையைக் காப்பாற்றாத சட்டம், அவளுக்கு மட்டும் வந்து நின்றது. அவள் தன் நகையை விற்றாள். நகை அவளுடையது என்பதால் பத்திரமும் அவள் பேருக்கே ஆனது. தென்காசியில் பதிவு முடிந்து ஊருக்கு வந்தவள், என் வீட்டு வாசலில் நின்று ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் தந்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வயலில் நடந்தவற்றை நான் எண்ணெய் காய்கிற சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சொசைட்டியில் அவளுக்குக் கடன் கொடுத்தார்கள். நாங்களும்தான் போய்க் கேட்டோம். "பட்டா இருக்கா?" என்றார்கள், அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் கிணறு வெட்டினார்கள். ஊருக்குக் கரண்டு வந்ததும் மோட்டார் வைத்தார்கள். குளத்து மடை திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன, வாலடிக்கு முதல் தண்ணீர். வரப்பில் தென்னம்பிள்ளை வைத்தாள். அதுதான் என்னை ரொம்பவே வாட்டியது. குத்தகை வயலில் மரம் வைக்கக்கூடாது. வைத்தால் ஆள் வேர் பிடித்துவிட்டான் என்று அர்த்தம், முருங்கைக் கொம்பு ஊன்றினால்கூடப் பண்ணைக் காரியஸ்தன் வந்து பிடுங்கிப் போடுவான். நாங்கள் கத்தரியும் மிளகாயும் தாண்டி எதையும் வைத்ததில்லை. அவளோ பேரன் பேத்தி காலத்துக்கும் காய்க்கிறதை வைக்கிறாள். ஆடு புகுந்து அந்தக் குருத்தைத் தின்னாதா என்று நினைத்தேன். ஒருநாள் நெசமாகவே ஆடு புகுந்தது. யாரும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பேன் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் கல்லை எடுத்து எறிந்து விரட்டிவிட்டேன். என்ன செய்ய, மண் என்னுடையதாயிற்றே.

எங்கள் கதை அப்படியே கீழே போனது. பண்ணையார் மடைவயலைச் சொந்தப் பண்ணையாகவே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். சட்டம் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது உன் வயலாப்பா? முந்தின பூவு நீ வேற வயலுல்லா பாத்த?" என்று தேனாகக் கேட்டார் அவர். என் அப்பாவைப் போலவே என் வீட்டுக்காரரும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். குற்றாலத்தில் அதே பண்ணையார் கட்டிய லாட்ஜுக்குச் செங்கல் சுமக்கப் போனார். நான் ஊரார் வயலில் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போனேன். அக்கா வயலுக்கு மட்டும் போகவில்லை. கூப்பிட்டாள்தான், நான் போகவில்லை.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்துவிட்டது. அவர்களுக்கு ஒரே மகள், அவளையும் கட்டிக் கொடுத்து அனுப்பியாயிற்று. ஏர் பிடிக்க ஆள் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தாள்.

"ஏட்டி, வாலடிய இந்தக் காருக்குப் பாத்துக் குடுங்களேன். வாரத்துக்கு. விளையதுல ஆளுக்குப் பாதி."

அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரே என்ற வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மேலே வாலடி வாலடி என்று காது இரைந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

எப்படிப் பார்த்தோம் தெரியுமா அந்தக் காரை! செங்கல் சுமக்கிறதை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வந்து உழுதார். நான் ஒரு களையைக்கூடப் பூக்க விடவில்லை. எங்கள் மகன்கள் இருவரும் ராவும் பகலும் மோட்டார் பக்கத்தில் கிடந்தார்கள். ஆவணியில் அறுத்துக் களத்தில் போட்டபோது நெற்பொலி நிமிர்ந்து நின்றது. அளக்க வந்தவர், பாவம், நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"பழைய கைக்குப் போனதும் வாலடி சிரிக்குது பாத்தியளா! என்ன இருந்தாலும் அது இவங்க வயலுல்லா."

அக்கா தன் பங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை, பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

பிசானத்துக்கு நாற்றங்கால் போட விதை நெல்லை ஊறவைத்துவிட்டு, எந்தப் பக்கம் பாவுவது என்று கேட்கப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழப்பாவூர்க்காரர் ஒருவருக்கு வயலைப் பேசிவிட்டாளாம். அந்த ஆளை எனக்குத் தெரியும். சீட்டு விளையாடுகிற கூட்டம் எங்கே என்று கேட்டு நடக்கிறவர்; அவர் கை பட்ட பயிர் விளங்காது.

"அவருக்கா? வேலை செய்ய மாட்டாருன்னு ஊருக்கே தெரியுமேக்கா. நாங்க என்ன குறை வச்சோம்? அளவுல குறைச்சலா?"

"குறை ஒண்ணும் இல்லட்டி."

"பொறவு?"

அவள் வெடித்தாள். "நீ நல்லாப் பாக்கேல்லா, அதான்! இன்னும் ஒரு பூவு விட்டா அது உன் வயலாயிரும். இப்பமே ஊரு அப்படித்தான் சொல்லுது. சட்டம் உன் பக்கம், ரெண்டு ஆம்பளப் புள்ளைக உன் பக்கம். எங்கிட்ட என்ன இருக்கு? கட்டில்ல கெடக்க மனுசன், இந்த வயலு. உன்னை மாதிரி பாடுபடுதவகிட்ட குடுத்தா திரும்ப வாங்க முடியாது. அந்தாளு சோம்பேறி. போன்னா போயிருவாரு."

"நான் உன் வயலப் புடுங்குவேன்னா நெனச்ச?"

"மாட்டியா?" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊறவைத்த விதை நெல்லை உலர்த்தி, குத்தி, சோறாக்கித் தின்றோம்.

கீழப்பாவூர்க்காரர் எதிர்பார்த்தபடியே பார்த்தார். நடவு தள்ளிப்போனது. களை எடுக்கவே இல்லை. மார்கழியில் கூலி வேலை முடிந்து நான் அந்த வரப்பு வழியே வந்தேன். நெல்லுக்கு மேலே கோரை தலையாட்டிக்கொண்டு நின்றது. வேறு எவள் வயலாக இருந்தாலும் நல்லா வேணும் என்று போயிருப்பேன். இவள் வயலுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். பிறகு திரும்பி வந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டேன். குளிர்ந்த சேற்றில் கணுக்கால் புதைந்ததும் எனக்கு அழுகை வந்தது. குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பிடுங்கினேனோ தெரியாது.

"ஏட்டி! யாரைக் கேட்டு எறங்கின?"

அக்கா வரப்பில் நின்றாள். வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"களைதான்க்கா பறிக்கேன். கூலி வேண்டாம். பயிரு சாகுது, பாக்கச் சகிக்கலை."

"செத்தா சாகட்டும். நீ பறிச்சதை யாராச்சும் பாத்தா, நீதான் பயிர் வைக்கேன்னு நாளைக்குச் சாட்சி சொல்லுவாவ. மேல வா."

"அக்கா, அந்தா அந்த மூலை மட்டும்..."

"மேல வாட்டி!"

திட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பண்ணையார் தேனாகப் பேசியபோது அவருக்குள்ளும் இந்தப் பயம்தான் இருந்திருக்குமோ என்னவோ. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். பயப்படுவதற்கு அவளிடம் ஒரு வயல் இருந்தது.

பிடுங்கின கோரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரப்போரம் வந்தேன். சேறு காலை விடவில்லை, வழுக்கியது. அக்கா குனிந்து கையை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.